வியாதியா, பலவீனமா?

நோயாளி சபை மூப்பர்களை வரவழைக்கும்படி யாக்கோபு எழுதிய இடத்தில் (5:14) கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் 'அஸ்தெனேயோ'. 'ஸ்தெனோஸ்' என்றால் பலம். முன்னால் உள்ள 'அ' இல்லாமையைக் குறிக்கும், நம் 'அசுத்தம்' போல. ஆக, பலமற்றிருப்பது. இதன் பெயர்ச்சொல் 'அஸ்தெனேயா'. யோவான் 5-ல் 38 வருஷம் துன்பப்பட்டவனுக்கும், 2 கொரிந்தியர் 12-ல் பவுல் தன்னைப்பற்றிச் சொல்லும்போதும் வருவது அதே சொல்தான். நம் பழைய வேதாகமம் முன்னதை வியாதி என்றும் பின்னதைப் பலவீனம் என்றும் பெயர்த்திருக்கிறது.

எனவே யாக்கோபு சொல்வது உடல்நோயை அல்ல, மனச்சோர்வைத்தான் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூட்டுவலியால் மூன்று மாதம் படுத்திருந்தபோது, உடம்பு எங்கே முடிகிறது, மனசு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் அந்த ஒரே சொல் பொருந்தியது.

பார்க்க வந்த ஒருவர், "விசுவாசம் குறைந்துவிட்டது" என்றார். இன்னொருவர் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக் கூட்டிப்போனார். பலம் போனவனிடம் குற்றம் விசாரித்து என்ன பயன்? கை கொடுத்தால் போதும். யாக்கோபும் நோயாளியை எழுந்து ஆலயத்துக்கு வா என்று சொல்லவில்லை. மூப்பர்களைத்தானே அவனிடம் வரச் சொல்கிறார்!