திறந்திருந்தால் போதுமா?

“நிரல் எல்லோர் கண்முன்னும் திறந்து கிடக்கிறது. இதில் யார் கள்ளத்தனம் செய்ய முடியும்?” திறமூல மென்பொருள் என்றதும் கணினி நன்கறிந்தவர்களே இப்படித்தான் வாதிடுகிறார்கள். இந்த நம்பிக்கையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. திறந்து கிடப்பதை யாராவது படித்தார்களா என்பது ஒன்று. நம் கணினிக்கு வந்து சேர்ந்தது அதே நிரல்தானா என்பது மற்றொன்று.

முதல் ஓட்டைக்குச் சாட்சி ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை. இணையத்தின் பாதுகாப்பில் பெரும்பங்கைத் தாங்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 2012 மார்ச் பதிப்பில் அந்தப் பிழை வெளிவந்தது. 2014 ஏப்ரலில்தான் அம்பலமானது. பெருநிறுவனங்கள் பலவும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் அதைப் பயன்படுத்தின. மற்றவர்கள் பால் ஊற்றுவார்கள் என்று நம்பி ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற குரோம் எக்ஸ்டென்ஷனைச் சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் திறமூலப் படைப்பு அது. அதை உருவாக்கியவர் 2020இல், அடையாளம் வெளியிடப்படாத ஒரு தரப்புக்கு விற்றுவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் குரோம் கடையில் ஏறிய புதிய பதிப்பு, அதன் நிரல் திறந்து வைக்கப்பட்டிருந்த கிட்ஹப் தளத்தில் இல்லவே இல்லை. வெளியிலிருந்து நிரலை இழுத்து ஓட்டும் வேலை அதற்குள் இருந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. கிட்ஹப்பில் இருந்ததை வரிவரியாகப் படித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை. ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம்’ என்ற அனுமதியை ஒருமுறை கொடுத்துவிட்டால், புதிதாக வாங்கியவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. முதலாளி மாறியதை பிரவுசர் நமக்குச் சொல்வதுமில்லை.

“திறந்திருப்பதால்தானே கடைசியில் பிடிபடுகிறது?” என்பார்கள். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூல மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட கள்ளவழியைப் பாருங்கள். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்தார். நஞ்சை இயக்கும் துண்டை வெளியீட்டுக் கோப்பில் மட்டும் வைத்தார். பொதுக் களஞ்சியத்தில் அது இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தற்செயலாகக் கவனித்துத் துருவியதால்தான் பிடிபட்டது. சந்தேகம் எழுந்தபின் திறந்த நிரல் ஆராயக் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் சந்தேகத்தை எழுப்பியது அதுவல்ல.

இதனால் மூடிய மென்பொருள் மேல் என்று ஆகிவிடாது. அங்கே எட்டிப்பார்க்கும் உரிமைகூட இல்லை. ஆனால் உரிமை வேறு, சோதனை வேறு. பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை இன்றே நீக்குங்கள். மீதமுள்ளவற்றை, தேவைப்படும் தளங்களில் மட்டும் இயங்கவிடுங்கள். திறமூலம் என்பது, சரிபார்க்க விரும்புவோருக்குத் தரப்பட்ட வாய்ப்பு. சரிபார்த்தாகிவிட்டது என்ற சான்றிதழ் அல்ல.