மறைப்பதும் காட்டுவதும்

இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில், எகிப்து தேசத்துக் கெபலீன் என்னுமிடத்தில் கிடைத்த ஆடவன் ஒருவனது சரீரம் உளது. அவன் மாண்டு ஏறக்குறைய 5,500 ஆண்டுகள் ஆயின. 1901 முதல் அவனைக் கண்டு சென்றோர் எண்ணிலர். அவன் இறந்த விதத்தை அறிந்தார் இலர். 2012இல் அவ்வுடலை சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினித் திரையில் தோலை மறைத்து எலும்பை நோக்கியபோது, இடத்தோளின் பின்புறம் குத்துண்டமை வெளிப்பட்டது. மறைத்தமையாலன்றோ உண்மை புலப்பட்டது!

ஆயினும் மறைப்பதில் ஓர் அபாயமும் உண்டு. ஸ்கேன் தருவது படமன்று. உடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்துக் கட்டந்தோறும் இட்ட எண்களேயாம். ஹவுன்ஸ்பீல்டு அளவையில் நீருக்கு 0, காற்றுக்கு -1000. கெட்டியெலும்பு 1000ஐயும் கடக்கும். எவ்வெண் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிதல் வேண்டும், எவ்வெண் திண்ணிதாய் நிற்றல் வேண்டும் என்பதைப் படம் அமைப்போனே விதிக்கின்றான். எலும்பின் வெண்மையும் தசையின் செம்மையும் அவன் தீட்டியனவே. எண் சடுதியில் மாறும் எல்லைப்புறங்களை மிகுத்துக் காட்டும் உபாயத்தை மார்க் லெவாய் 1988இல் வெளியிட்டார். அது பெரிதும் பயன்பட்டது. எனினும் தெரிவு செய்யும் பொறுப்பை அது நீக்கிவிடவில்லை.

கண்குழியின் அடித்தளத்தைப் பாருங்கள். அவ்வெலும்பு மிக மெல்லியது. ஒரே கட்டத்தினுள் காற்றோடும் கொழுப்போடும் கலந்து நிற்றலின் அதன் எண் தாழ்ந்துவிடும். தடித்த எலும்புக்கு வகுத்த வரம்பு அதனைத் தள்ளிவிட, முழுமையான எலும்பில் ஒரு துளை தோன்றும். மாணாக்கன் அதனை முறிவெனக் கொள்ளின் யார்மேற் குற்றம்? வரம்பைத் தாழ்த்தினாலோ, மெல்லெலும்பு மீளும். உடன் பிறவும் வந்து பார்வையை மறைக்கும். ஆதலின், யாவற்றுக்கும் பொருந்தும் வரம்பு ஒன்று உண்டென்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

பாடநூல்களோ அழகிய படமொன்றை அச்சிட்டு, அதனை ஆக்கிய விதியைக் கூறாது விடுகின்றன. நுண்காட்டிப் படத்துக்கு உருப்பெருக்கம் குறிப்பது போல, இப்படங்களின் கீழும் வரம்பெண்களையும் மறைக்கப்பட்டவற்றையும் குறித்தல் வேண்டும். அதனினும் நன்று, எண்களையே மாணாக்கர் கையில் தருதல். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட மானிட உடற்பதிவு இன்று எவர்க்கும் கிடைக்கின்றது. அதனை நம் ஆய்வுக்கூடத்துக் கணினியில் ஏற்றி, வரம்பை முன்னும் பின்னும் நகர்த்துவோர், கண்குழித் துளை விரிவதையும் சுருங்குவதையும் தம் கண்ணாலேயே காண்பர்.