பழைய கார் மீது ஒரு பொய்க் கணக்கு

பத்து வருடம் தாண்டிய காரின் எஞ்சின் தேய்ந்துவிட்டிருக்கும், தேய்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், ஆகவே அதைத் தள்ளிவிட்டுப் புதுக் கார் எடுப்பதே சிக்கனம் என்று வாதாடியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அதற்கு அவர் காட்டும் சான்று ஒரே ஓர் ஒப்பீடு. 2008-ஆம் வருடத்து ஆல்ட்டோ நகருக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறதாம். புதுக் கார் 22 தருமாம். ஒன்றரை லட்சத்துக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் குடும்பத்தை ஊருக்குக் கூட்டிப்போய் வருகிறவர்கள் இதை நம்பிக் கடனில் இறங்கக்கூடும். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த 22. அது விற்பனைக் கையேட்டில் அச்சிட்டிருக்கும், ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் அளவு. சோதனைக்கூடத்தில் காரை உருளைகள் மேல் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, உச்ச வேகம் 90-ஐத் தாண்டாதபடி ஓட்டி எடுப்பது. ஆல்ட்டோவுக்குச் சொன்ன 12-ஓ ஏ.சி. போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று வந்த அளவு. இரண்டையும் ஒரே தெருவில் ஓட்டிப் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை அவர் எழுதியிருக்கவே கூடாது. தெரிந்தே செய்திருந்தால் அது மோசடி.

போகட்டும், அவருடைய எண்களையே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பழைய காரில் 833 லிட்டர் ஆகும், புதுக் காரில் 455. மிச்சம் 378 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 37,800 ரூபாய். புதுக் காருக்கு 6 லட்சம் கடன் வாங்கி, 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 12,600. அதாவது ஒரு வருடம் முழுக்க மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு மூன்று தவணைக்குத்தான் காணும். மீதி ஒன்பது மாதத் தவணை எங்கிருந்து வரும்? கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. நகர நெரிசலில் புதுக் கார் 16 தருகிறது, பழையதைச் சரிசெய்து 14-க்குக் கொண்டுவந்தாயிற்று என்று வையுங்கள். அப்போது வருட மிச்சம் 89 லிட்டர், 8,900 ரூபாய். ஒரு மாதத் தவணைக்கே போதாது.

சரிசெய்ய முடியுமா என்ற கேள்விக்குத்தான் அவர் மிகவும் பொறுப்பில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார். ஏர் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள், அப்படியும் மைலேஜ் ஏறாவிட்டால் எஞ்சின் போய்விட்டது என்று அர்த்தம் என்கிறார். கார்புரேட்டர் வண்டியில் அடைத்த ஃபில்டர் மைலேஜைக் குறைக்கும், உண்மை. ஆனால் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பாய்ச்சும் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பிக்கப்தான் குறையும், மைலேஜ் சொல்லும்படி மாறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்துச் சொன்ன முடிவு இது. அவர் உதாரணம் காட்டும் ஆல்ட்டோவும் இந்த இரண்டாவது வகைதான். எந்தப் பதிலும் தர முடியாத ஒரு சோதனையை வைத்து நல்ல எஞ்சினுக்கு மரணச் சான்றிதழ் எழுதச் சொல்கிறார்.

எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அது மறைந்து கிடக்காது. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், சைலன்சரில் நீலப் புகை வரும், எஞ்சின் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே போகும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளும். ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை வைத்து, ஒவ்வொரு சிலிண்டராக கம்ப்ரஷன் பார்க்கலாம். ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கோளாறு. அரை மணி நேர வேலை. கட்டுரையில் கம்ப்ரஷன் என்ற சொல்லே வரவில்லை.

இந்தக் குறி எதுவும் இல்லாமல் மைலேஜ் மட்டும் குறைந்திருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். பழைய கார்களில் நம்மூர் ஒர்க்‌ஷாப்புகள் செய்யும் ஒரு கொடுமை இருக்கிறது. எஞ்சின் சூடாகிறது என்று போனால், ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு’ என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன் பிறகு ரேடியேட்டர் தண்ணீர் நிற்காமல் சுற்றும், எஞ்சின் தனக்குத் தேவையான சூட்டை எட்டாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றும். சில நூறு ரூபாய்ச் சாமான் இல்லாததால் வருடம் முழுக்கப் பெட்ரோல் வீணாகிறது, பழியோ எஞ்சினின் வயது மேல் விழுகிறது. மந்தமாகிவிட்ட ஆக்சிஜன் சென்சாரும் இதே நட்டத்தைத்தான் தரும். பழைய கார்களில் அது முழுதாகச் சாகும்வரை செக் எஞ்சின் விளக்கு எரியாமலே இருக்கலாம். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் காற்றிறங்கிய டயரையும் எவரும் பார்க்கலாம்.

சமீப வருடங்களில் மைலேஜ் குறைந்துவிட்டது என்று பழைய கார்க்காரர்கள் புலம்புவதையும் தன் பக்கச் சாட்சியாக அவர் இழுத்துக்கொள்கிறார். அந்த வருடங்களில் மாறியது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இ20 வந்தால் பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. அரசு கொண்டுவந்த மாற்றத்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு வந்த நட்டத்தை, அந்தக் குடும்பம் ஒழுங்காகப் பராமரித்த எஞ்சினின் குற்றமாக்குவது அநியாயம்.

பழைய காரில் ஏர்பேக் இல்லை, பாடி துருப்பிடித்திருக்கிறது, புகை அளவு இன்றைய பி.எஸ்.6 தரத்துக்கு வராது என்று எழுதியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். காரை மாற்ற அவை நியாயமான காரணங்கள். அவர் அவற்றை விட்டுவிட்டு, சிக்கனத்தின் பெயரால் கடன் வாங்கச் சொல்கிறார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே பங்கில் டேங்கை நிரப்பி, அது காலியாகும்வரை ஓட்டி, மறுபடி நிரப்பி, உங்கள் காரின் மைலேஜை நீங்களே கணக்கிடுங்கள். எஞ்சின் போய்விட்டது என்று யார் சொன்னாலும் கம்ப்ரஷன் அளவைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராதவர் பேச்சைக் கேட்டுக் காரை விற்காதீர்கள்.