கணக்கெடுக்கிறார்கள், கணக்குக் கேட்பது யார்?

இளைஞர், வறுமை, ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் இன்று உயர்கல்விக் கூடங்களில் பாடங்களாகிவிட்டன. பட்டம் உண்டு, ஆய்வு நிதி உண்டு, கருத்தரங்கு உண்டு. நல்லதுதான். ஆனால் எந்த இளைஞனைப் பற்றி இவ்வளவும் நடக்கிறதோ, அவன் அந்த வகுப்பறையில் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மும்பையையே எடுத்துக்கொள்வோம். டாட்டா சமூக அறிவியல் கழகம் 1936-இல் நாக்பாடாவில் தோன்றி, 1954-இல் தியோனாருக்குக் குடிபோனது. 1941-இல் அதன் இயக்குநரான ஜே.எம். குமரப்பா தமிழர், காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். கழகம் இருக்கும் எம்-கிழக்கு வார்டில்தான் தியோனார் குப்பைமேடும், கோவண்டியும், நம்மவர் நிறைந்த சீட்டா கேம்ப்பும் இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் இதற்குத்தான். 2011-இல் தன் பவளவிழாவை ஒட்டிக் கழகம் இந்த வார்டிலேயே பெரிய ஆய்வைத் தொடங்கியது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணப்பட்டவர்கள் கைக்கு அந்த எண்கள் எந்த மொழியில் வந்து சேருகின்றன? இந்தக் கேள்வி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல. படிவத்தோடு நம் வாசலுக்கு வரும் எல்லோருக்கும் உரியது.

எண்ணிக்கையின் வலிமை நம் மக்களுக்குத் தெரியாததல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம்தான் சீட்டா கேம்ப். இடிப்பை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். அவருடைய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பின்னர் ஸ்பார்க் நிறுவனத்தோடு கைகோத்தது. ஸ்பார்க்கை 1984-இல் நிறுவியவர்களில் ஒருவரான ஷீலா படேல் டாட்டா கழகத்தில் படித்தவர். 1985-இல் ஸ்பார்க், நடைபாதைவாசிகளையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம், வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. கூடவே, முறையாக அறிவித்துவிட்டு அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அந்த நிலையில் நடைபாதை மக்களுக்குக் கைகொடுத்தது தீர்ப்பைவிட அந்தக் கணக்கேடுதான் என்பது என் எண்ணம்.

பம்பாயில் பிறந்த தமிழரான மானிடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை, ஆராய்ச்சி என்பது பேராசிரியர்களின் தனிச்சொத்தல்ல, ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று 2006-இல் எழுதினார். அவர் தொடங்கிய புகார் அமைப்பு, குடிசைப் பகுதி இளைஞர்களையே தங்கள் தெருவை ஆராய வைத்தது. புகார் என்றால் இந்தியில் அழைப்பு; நம் காதில் முறையீடு என்று விழுந்தாலும் தவறில்லை!

நம் பிள்ளைகள் ஆராய வேண்டியது என்ன? சாதிச் சான்றிதழிலிருந்தே தொடங்கலாம். ஊரில் தாழ்த்தப்பட்டவர் என்று அரசு ஏற்றுக்கொண்ட குடும்பம், மராட்டியத்துக்கு ரயிலேறி வந்ததும் அந்தத் தகுதியை இங்கே இழந்துவிடுகிறது. வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவருக்கு வந்த மாநிலத்தில் அச்சலுகை இல்லை என்று உச்சநீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த குடும்பத்து மாணவர் மருத்துவப் படிப்பில் இடம் கேட்ட வழக்கு அது. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கு குடியிருந்ததற்குத் தாள் காட்டு என்கிறார்கள். அன்று தாராவியில் தோல் பதனிட்டவனுக்கு வாடகைச் சீட்டு யார் கொடுத்தார்கள்? சாதி மட்டும் ரயிலில் கூடவே வருகிறது; சலுகை ஊரிலேயே தங்கிவிடுகிறது. இதனால் எத்தனை பிள்ளைகள் கல்லூரி வாசலில் நின்றுபோனார்கள் என்று பேட்டை பேட்டையாகக் கணக்கெடுக்க வேண்டாமா? நம் பிள்ளைகள் எடுத்தால்தான் உண்டு.

உள்ளே நுழைந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. உதவித்தொகைக்குத் தகுதியுள்ள தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு இருந்துவந்த கட்டண விலக்கு நிறுத்தப்பட்டதை எதிர்த்து, 2018 பிப்ரவரியில் டாட்டா கழக மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். ஏற்றத்தாழ்வைப் பாடமாக நடத்தும் வளாகத்திலேயே இந்த நிலை.

எனவே தோழர்களே, அடுத்த முறை படிவத்தோடு வருகிறவரை விரட்ட வேண்டாம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: முடிவு எப்போது வரும், தமிழில் வருமா, எங்கள் பேட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரை ஊதியத்தோடு சேர்த்துக்கொள்வீர்களா? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையுள்ள தாழ்த்தப்பட்ட குடும்பங்கள், தந்தையின் சான்றிதழை ஊர்த் தாசில்தார் அலுவலகத்திலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். அதைக் காட்டி இங்கேயே குடிபெயர்ந்தோர் சான்று கேட்க மத்திய அரசின் ஆணை இடம் தருகிறது. மாநிலக் கல்லூரிகளில் அது பயன்படாவிட்டாலும், மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் செல்லும்.