‘பழைய மெஷின்’ என்பது பழுதின் பெயர் அல்ல

“பழைய மெஷின் சார், இனிமே தாங்காது. புதுசு வாங்கிடுங்க.”

கூடுதலாக ரேம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். என் வயதொத்த நண்பர்கள் இதைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். முழங்கால் வலி என்று போனால் “வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று டாக்டர் சொல்லிக் கேட்டுக் கேட்டு நமக்கு இந்தப் பதில் பழகிவிட்டது போலும்!

நான் இதை ஏற்பதில்லை. நேற்று வரை ஓடிய பெட்டி, இன்று ஒரு பொருளைச் சேர்த்ததும் நிற்கிறது என்றால் வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. நேற்றும் கிட்டத்தட்ட அதே வயதுதான். எது மாறியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொலைபேசித் துறையில் நான் வேலை பார்த்த காலத்தில் ‘லைன் பழசு’ என்று எழுதி ஒரு புகாரை மூடிவிட முடியாது. எம்.டி.எஃப். வரை சரியா, பில்லர் வரை சரியா, டி.பி. வரை சரியா என்று ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துக்கொண்டே போய், எந்த இடத்தில் பழுது என்று சொல்ல வேண்டும். நம் ஆரணித் தறிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவில் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் தறியையா மாற்றுகிறார்கள்? அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, மேற்கொண்டு நெய்கிறார்கள்.

போன மாதம் ஒண்ணுபுரத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் வந்தார். பட்டுச் சேலைக்கு டிசைன் வரைந்து கொடுப்பவர். டெஸ்க்டாப் பத்து வருஷத்துக்கு மேல் பழையது, 4 ஜிபி ரேம். பெரிய முந்தானை டிசைனைத் திறந்தால் ஆமை வேகம் என்பதால் இன்னொரு 4 ஜிபி போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டே நாளில் நீலத் திரை வர ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை பாதியில் ரீஸ்டார்ட், ஒருமுறை அப்படியே உறைந்து நின்றது. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார். “பணம் கூட எப்படியாவது புரட்டிடலாம் சார். பன்னெண்டு வருஷ டிசைன் உள்ளே இருக்கு, அதை நெனச்சாதான் தூக்கம் வரல” என்றார் தம்பி.

இங்கே ஒரு விளக்கம். ஹார்ட் டிஸ்க் என்பது வீட்டுப் பீரோ. ரேம் என்பது நாம் வேலை செய்யும் மேசை. பீரோவில் உள்ளதை எடுத்து மேசையில் பரப்பித்தான் வேலை நடக்கிறது. கரண்ட் போனால் மேசை காலியாகிவிடும், பீரோ அப்படியே இருக்கும். ஆனால் மேசை ஆட்டம் கண்டிருந்தால் அங்கே எழுதிப் பீரோவில் வைக்கும் காகிதமும் கிறுக்கலாகிவிடும். ரேம் பழுதில் நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பெட்டி நின்றுபோவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பாகச் சேமிப்பது தெரிவதில்லை. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ரேம் இருக்கும். நம் வீட்டு டெஸ்க்டாப்பில் அநேகமாக அது கிடையாது.

ஆகவே முதல் வேலை, புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழைய ரேமோடு மட்டும் ஓட்டி, முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்வது. தம்பியின் பெட்டி பழைய ரேமோடு இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மதர்போர்டு போய்விட்டது என்ற தீர்ப்பு அங்கேயே பாதி விழுந்துவிட்டது.

அடுத்து, புது ரேம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ஆனால் டிடிஆர்3-இலேயே 1.5 வோல்ட் ரகமும், டிடிஆர்3எல் என்ற 1.35 வோல்ட் ரகமும் உண்டு. இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். உட்கார்ந்துவிட்டதாலேயே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஜி41 சிப்செட் உள்ள பழைய போர்டுகளில் இன்னொரு சங்கடம். 16 சில்லுகள் உள்ள 4 ஜிபி ரேமை ஏற்கும். அதே 4 ஜிபியை 8 சில்லுகளில் அடக்கிய பிந்தைய ரேமைப் பல போர்டுகள் ஏற்பதில்லை. கடையில் “டிடிஆர்3 தானே சார், எல்லாம் ஒண்ணுதான்” என்பார்கள். ஒன்று இல்லை. போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடும் ரேம் வீண்.

மூன்றாவது, உட்கார்ந்த விதம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்லாட்டில் தூசி இருந்தால் ஊதி எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் கிளிப் ‘டக்’கென்று பூட்டும் வரை சமமாக அழுத்த வேண்டும். ஒரு முனை அரை நூல் தூக்கியிருந்தாலும் பெட்டி ஒரு நாள் ஓடும், மறுநாள் நிற்கும்.

நான்காவதுதான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மெம்டெஸ்ட்86+ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்க வேண்டும். புது ரேமைத் தனியாகப் போட்டு முழுச் சுற்று ஓட விடுங்கள், முடிந்தால் இரவு முழுக்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். அதே ரேம் வேறு ஸ்லாட்டில் பிழையின்றி ஓடினால் குற்றம் ஸ்லாட்டின் மேல். இரண்டு ரேமும் தனித்தனியே பாஸாகிச் சேர்த்துப் போடும்போது மட்டும் தகராறு என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. எல்லாம் பாஸாகியும் பெட்டி நின்றால் பவர் சப்ளை, சூடு, டிஸ்க் பக்கம் திரும்ப வேண்டும்.

தம்பியின் புது ரேமைத் தனியாகப் போட்டபோது பத்து நிமிடத்துக்குள் திரையில் சிவப்பு வரிகள் வந்துவிட்டன. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த இரண்டு நாளில் சேமித்த ஒரு முந்தானை டிசைன் இன்றுவரை திறக்கவில்லை.

புத்தம்புது ரேமில் பழுது இருக்குமா என்று கேட்கிறார்கள். கூகுள் தன் சர்வர்களில் இருந்த ரேம்களை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் ஒருமுறையாவது பிழை நேர்ந்திருந்தது. சர்வர் ரேமுக்கே அந்தக் கதி.

நினைவகத்துக்கும் நெசவுக்கும் பழைய உறவு உண்டு என்பதையும் நெசவு ஊர்க்காரனாக இங்கே சொல்ல ஆசை. நிலவுக்குப் போன அப்போலோ கலங்களின் கம்ப்யூட்டரில் நிரல்களை வைத்திருந்த நினைவகம் பெண்கள் கையால் கோத்தது. அமெரிக்காவில் வால்தம் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில், சிறு காந்த வளையங்களுக்கு உள்ளே கம்பி போனால் 1, வெளியே போனால் 0 என்று கோத்தார்கள். நம் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று என்பது போலத்தான்.

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் 1202 என்று எச்சரித்தது. வேலைகளை வைக்கத் தற்காலிக நினைவகத்தில் இடமில்லை என்று அதற்குப் பொருள். ஆனால் நினைவகத்தில் பழுது எதுவும் இல்லை. இறங்குவதற்குத் தேவைப்படாத வேறொரு ராடாரிலிருந்து வந்த வேண்டாத சிக்னல்கள் கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. எச்சரிக்கை ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில்! நம் நீலத் திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வருவதையும் இதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். சில நேரம் ரேம்தான் காரணமாக இருக்கும், சில நேரம் ஒரு டிரைவர் மென்பொருளோ டிஸ்க்கோ காரணமாக இருக்கும்.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் ஒரு பெட்டியை ஓடவிட்டுச் சோதிப்பதற்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? முந்நூறு ரூபாய் கேட்டாலே முகம் சுளிக்கிறோம். சோதனைக்குக் கூலி இல்லாத இடத்தில் ஊகம்தான் கிடைக்கும். புதியது வாங்கச் சொல்வதற்கு நல்ல காரணங்களும் உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நம் பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 கிடையாது. பேங்க் வேலை, பென்ஷன் வேலை பார்க்கும் பெட்டி என்றால் இதை யோசிக்கத்தான் வேண்டும். மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் நானும் விட்டுவிடத்தான் சொல்வேன். ஆனால் அவை சொல்லக்கூடிய, காட்டக்கூடிய காரணங்கள். ‘பழசு’ என்பது அப்படி அல்ல.

எனவே அடுத்தமுறை ரேம் போடப் போனால் மூன்று கேளுங்கள். பில் கேளுங்கள். பல கம்பெனி ரேம்களுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் உண்டு, பில் இல்லாமல் கொண்டுபோனால் அலைய வேண்டியிருக்கும். ஒரு சுற்றாவது சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். பழுது என்று சொன்னால், எந்தப் பாகம், எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். கழற்றிய பழைய ரேமைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். நாளை எது சரி, எது தப்பு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.