ஒளியிலும் உண்டு வரவு செலவு



மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில், தேர்வு நெருங்கும் வேளையில் ஒரு சலிப்புக் குரல் எழும். "ஹைட்ரஜன் நிறமாலைக் கோட்டின் அலைநீளத்தைக் கொடுத்து ஃபோட்டானின் ஆற்றலைக் கேட்கிறார்கள். இதனால் யாருக்கு என்ன பயன்?" கேட்பது மகளாயின், "உனக்கு அறிவியல் வராது, விட்டுவிடு" என்று முடித்துவிடும் பெற்றோரும் நம்மிடையே உளர். அவசரம் வேண்டாம், கணக்கைச் சற்றுப் பாருங்கள்.

ஒளி, ஃபோட்டான் எனும் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு பொட்டலத்தின் ஆற்றலும் மிகும். 1240 என்னும் எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் அலகில் கிடைக்கும். ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டுக்கு அலைநீளம் 656.3, ஆற்றல் 1.89. நீலப்பச்சைக் கோட்டுக்கு 486.1, ஆற்றல் 2.55. அந்தச் சிவப்புக் கோட்டின் ஒளியில்தான் நமது கொடைக்கானல் வானாய்வகம் 1912 முதல் கதிரவனைப் படமெடுத்து வந்தது.

இனி, கண்ணுக்குப் புலப்படாத இரு புற ஊதாக் கோடுகளைப் பாருங்கள். அவற்றின் அலைநீளங்கள் 121.6, 102.6. சிவப்புக் கோட்டின் 656.3-ஐயும் சேர்த்து இம்மூன்று எண்களையும் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் உறவு ஏதும் தெரியாது. ஆற்றலாக மாற்றுங்கள்: 10.20, 12.09, 1.89. முதலாவதுடன் மூன்றாவதைக் கூட்டினால் இரண்டாவது வந்துவிடுகிறது!

காரணம் எளிது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரே பேருந்தில் போனாலும், புதுச்சத்திரத்தில் இறங்கி வேறு பேருந்து ஏறினாலும், கடக்கும் சாலை ஒன்றே. அணுவிலுள்ள எலக்ட்ரானும் மூன்றாம் படியிலிருந்து முதற்படிக்கு நேரே இறங்கலாம். இரண்டாம் படியில் நின்றும் இறங்கலாம். வெளிவரும் மொத்த ஆற்றல் ஒன்றே. அலைநீளம் மறைத்து வைத்த படிக்கட்டை ஆற்றல் காட்டிக் கொடுக்கிறது. 1913-இல் நீல்ஸ் போர் தம் அணுக் கொள்கையில் இந்தப் படிகளை விளக்கினார்.

அதற்கு முன்னரே, 1885-இல், கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகளின் அலைநீளங்களை ஒரே சூத்திரத்தில் அடக்கியவர் யோஹான் பால்மர். அவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியர். கருவி எதுவும் அவர் கையாளவில்லை. பிறர் அளந்த எண்களை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சிந்தித்தார்.

பெற்றோர்களே! இன்றிரவு பிள்ளையை அருகில் அமர்த்தி, இம்மூன்று வகுத்தல்களையும் செய்யச் சொல்லுங்கள். விடை பொருந்தும் கணத்தில் அதன் முகத்தைப் பாருங்கள். மனப்பாடம் தராத மகிழ்ச்சி அங்கே தெரியும். கடலூர்ப் பிள்ளைகளுக்குச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைவில் இல்லை. அறிவியல் வருமா வராதா என்பதை மகளே கணக்கிட்டுச் சொல்லட்டும். அதுவரை தீர்ப்பை ஒத்திவைப்போம்.