ஏசி ரூமில் ஆள் எடுத்தால் சைட்டில் யார் நிற்பது?

புனேயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிளானிங் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. எந்த வாரம் எத்தனை டன் கம்பி இறங்க வேண்டும், லிஃப்டுக்கு எப்போது ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மாதக்கணக்கில் முன்பே எழுதியாகிவிடும். ஆளுக்கு மட்டும் அட்டவணை கிடையாது. இருக்கிற சைட் இஞ்சினியர் பேப்பர் போட்டால்தான் அடுத்த ஆள் ஞாபகத்துக்கு வருவார். நான் பார்த்தவரை எல்லா இடத்திலும் இதே கதைதான்.

சரி, தேட ஆரம்பித்தாவது சீக்கிரம் முடிக்கிறார்களா? முதலில் எச்.ஆர். போன். பிறகு பிராஜெக்ட் மேனேஜர். பிறகு வைஸ் பிரசிடெண்ட் (அவர் எப்போதும் டூரில் இருப்பார்). கடைசியாக முதலாளியின் மகன். நாலு சுற்று முடிய ஒன்றரை மாதம், பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம். நல்ல பையன் என்றால் இதற்குள் வேறு எங்காவது சேர்ந்திருப்பான். மறுபடி முதலிலிருந்து. அதுவரை சைட்டில் ஒரே ஆள் இரண்டு டவரைப் பார்த்துக்கொண்டு, எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாமல், கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருப்பார். 2016 ரெரா சட்டப்படி, சொன்ன தேதியில் வீடு கொடுக்காவிட்டால், விலகாமல் காத்திருப்பவருக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கொடுக்க வேண்டும். காலி நாற்காலி ஒன்றும் இலவசம் இல்லை.

நாலு சுற்று வேண்டாம், ஒரே நாள் போதும் என்பது என் கட்சி. ஆனால் அந்த ஒரு நாள் சைட்டில் நடக்க வேண்டும்.

நாளைக்குக் கான்க்ரீட் போடப் போகிற ஸ்லாப் ஏதாவது ஒன்றுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிராயிங்கைக் கையில் கொடுங்கள். "அரை மணி நேரம் சுத்திப் பாருங்க, நாளைக்குப் போடலாமா வேண்டாமான்னு சொல்லுங்க." இந்த ஒரு கேள்வி போதும். ஏசி ரூமில் உட்கார்ந்து காலம் கம்பிக்குக் கவர் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் 40 மில்லிமீட்டர் என்று ஒப்பித்துவிடுவார்கள். ஐ.எஸ். 456ல் அச்சடித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கவர் பிளாக் நிஜமாகவே கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற ஆள் யார் என்பது ரெஸ்யூமேயில் தெரியாது.

நான் முக்கியமாகப் பார்ப்பது, பால்கனிப் பக்கம் போகிறானா என்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அது இறங்காமல் இருக்க அடியில் 'சேர்' என்று வளைத்த கம்பி வைப்போம். அதைச் சரியாக வைக்காவிட்டால் பைப் போடும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், கான்க்ரீட் கொட்ட வருகிறவர்கள் என்று ஆளாளுக்கு மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். எண்ணிப் பார்த்தால் கம்பி எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், இடைவெளியும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். கான்க்ரீட் போட்டு மூடிவிட்டால் பிறகு வெளியே தெரியாது. முட்டு எடுக்கிற அன்றைக்கே விரிசல் விடலாம், சில வருஷம் கழித்தும் விடலாம். அங்கே ஏதோ ஒரு குடும்பம் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துச் சொல்கிறவன் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் எனக்குக் கவலையில்லை.

இன்னொரு கேள்வி ஹிந்தியில். 4.5 மீட்டருக்கு மேல் நீளமான ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும், சாதாரண சிமெண்டில். கான்ட்ராக்டரின் ஃபோர்மேன் பத்தாம் நாளே வந்து, "சாப், மேல் மாடிக்கு மெட்டீரியல் வேணும், பிரிச்சுடவா?" என்று கேட்பார். என்ன பதில்? நம்மூர்ப் பையன்கள் ஹிந்தி சரியாக வராது என்று பயப்படுகிறார்கள். "நஹீ" என்ற ஒரு வார்த்தையை அசையாமல் நின்று சொல்லத் தெரிந்தால் பாதி ஹிந்தி வந்த மாதிரி. மீதி சைட்டில் தானே வந்துவிடும், கெட்ட வார்த்தை உட்பட.

அடுத்தது, பதில் அன்று சாயங்காலமே சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து ஒருவன் நாகர்கோவில்-மும்பை எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து வருகிறான். பாலிடெக்னிக் முடித்த பையனுக்கு அந்த டிக்கெட்டும் லாட்ஜ் வாடகையும் வீட்டில் யாரோ கைமாற்று வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அவனிடம் "பார்த்துச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டு மூன்று வாரம் போனை எடுக்காமல் இருப்பதை ப்ராசஸ் என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரயில் செலவைக் கையில் கொடுங்கள். ஸ்லாபில் ஒரு நாள் வீணாவதோடு ஒப்பிட்டால் அந்தக் காசு ஒன்றுமே இல்லை.

வேண்டும் என்றால் எழுத்தில் கொடுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். ஆனால் சம்பளம் மட்டும் எழுதினால் போதாது. எந்த சைட், தங்க ரூம் உண்டா, ஒரு ரூமில் எத்தனை பேர், சாப்பாடு யார் செலவு, மனைவி குழந்தையைக் கூட்டி வரலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புனே என்று சொல்லி எடுத்து சோலாப்பூர் தாண்டி அனுப்புகிறார்கள். ஸ்கூல் அட்மிஷன் போட்ட பிறகு இதைக் கேட்டால் அந்த வீடு என்ன ஆகும்? ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கமும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆளைப் பிடித்து வைக்க அது உதவாது. மனசு போன ஆள் சைட்டில் நின்றும் பயனில்லை.

(கொத்தனார், கம்பி கட்டுகிறவர்களை எடுப்பது தனி உலகம். அங்கே முகாதம் வைத்ததுதான் சட்டம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். பொங்கல் விழாவிலோ கோயிலிலோ பார்த்தால், "தம்பி, என் அக்கா பையன் சிவில் முடிச்சிருக்கான், உங்க கம்பெனியிலே ஒரு வார்த்தை சொல்லேன்" என்று கேட்காதவர்கள் குறைவு. தாராளமாகச் சொல்கிறேன். ஊர்விட்டு ஊர் வந்து நானும் அப்படி யாரோ சொன்ன ஒரு வார்த்தையில்தான் இங்கே கேட்டுக்குள் நுழைந்தேன். ஆனால் என் வார்த்தை கேட் வரைக்கும்தான். ஸ்லாபுக்கு அவன்தான் ஏற வேண்டும். ரெஸ்யூமேயை அனுப்புங்கள், வருகிற அன்றைக்குப் பளபள ஷூவை விட்டுவிட்டு சேறு மிதிக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.